மடக்கு சைக்கிளுடன் பேருந்தில் ஏறலாமா? சிங்கப்பூர் விதிகள் சொல்வது என்ன?

வீட்டிலிருந்து நிலையம் வரை சைக்கிள். அங்கிருந்து பேருந்து அல்லது எம்ஆர்டி ரயில். இறங்கியதும் வேலையிடம் வரை மறுபடியும் சைக்கிள். சிங்கப்பூரில் இப்படிப் பயணம் செய்ய விரும்புவோருக்கு முதலில் எழும் கேள்வி, சைக்கிளைப் பேருந்தில் ஏற்ற விடுவார்களா என்பதுதான். துவாஸ், ஜூரோங் போன்ற தொழிற்பேட்டைகளில் பேருந்து நிறுத்தத்திலிருந்து தொழிற்சாலை வாசல் வரை வெயிலில் நீண்ட தூரம் நடக்க வேண்டியவர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை.

பதில் எளிது. மடக்கு சைக்கிளை, மடக்கிய நிலையில், குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் எந்த நேரத்திலும் கொண்டுசெல்லலாம். மடக்க முடியாத சாதாரண சைக்கிளுக்கு எந்த நேரத்திலும் அனுமதி இல்லை. ஆனால் 'மடக்கு சைக்கிள்' என்ற பெயரில் கடையில் விற்கப்படும் எல்லாமே இந்த அளவுக்குள் அடங்கும் என்று சொல்ல முடியாது. காசு கொடுத்து வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட, வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

விதி வந்த விதம்

சிங்கப்பூரில் மடக்கு சைக்கிளைப் பொதுப் போக்குவரத்தில் அனுமதிக்கும் முயற்சி 2009ஆம் ஆண்டு சோதனைத் திட்டமாகத் தொடங்கியது. அப்போது உச்ச நேரத்தில் அனுமதி கிடையாது. வார நாள்களில் காலை வேலை நேரக் கூட்டமும் மாலைக் கூட்டமும் ஓய்ந்த பிறகே ஏற்ற முடியும். வேலைக்குச் செல்வோருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. அவர்கள் பயணம் செய்வதே உச்ச நேரத்தில்தானே!

2016 ஜூன் 2ஆம் தேதி, நிலப் போக்குவரத்து ஆணையம் ஆறு மாதச் சோதனையாக நாள் முழுவதும் அனுமதி அளித்தது. மடக்கு சைக்கிளுடன், மடக்கக்கூடிய தனிநபர் நடமாட்டச் சாதனங்களும் அதில் சேர்க்கப்பட்டன. அந்த ஆண்டின் இறுதியில் சோதனை முடிந்ததும் ஏற்பாடு நிரந்தரமாக்கப்பட்டது. எஸ்பிஎஸ் டிரான்சிட், எஸ்எம்ஆர்டி, டவர் டிரான்சிட், கோ-அஹெட் என எந்த நிறுவனம் இயக்கும் பொதுப் பேருந்தானாலும் விதி ஒன்றே. சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

120, 70, 40: மனத்தில் வைக்கவேண்டிய மூன்று எண்கள்

மடக்கிய பிறகு சைக்கிளின் அளவு 120 செமீ நீளம், 70 செமீ உயரம், 40 செமீ அகலத்தைத் தாண்டக்கூடாது. அடிக்கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 4 அடி, 2 அடி 4 அங்குலம், 1 அடி 4 அங்குலம்.

முதல் எண்ணில் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. மடக்கு சைக்கிள் எதுவும் மடக்கிய பிறகு 4 அடி நீளம் இருப்பது அரிது. சிக்கல் வருவது மூன்றாவது எண்ணில்தான். சட்டத்தை இரண்டாக மடக்கும்போது இரு சக்கரங்களும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. அவற்றுக்கு வெளியே கைப்பிடியும் மிதியும் நீட்டிக்கொண்டிருந்தால் 40 செமீ எளிதில் தாண்டிவிடும். மிதியும் மடங்கும் வகையா, கைப்பிடி உள்பக்கமாக மடங்குகிறதா என்று பார்ப்பது இதனால்தான் முக்கியம்.

சக்கரத்தின் அளவும் கணக்கில் வரும். 16 அங்குலச் சக்கரம் உள்ளவை பொதுவாகச் சுலபமாக அடங்கிவிடும். 20 அங்குலச் சக்கரம் உள்ளவற்றில் பல அடங்கும், சில அடங்காது. 24, 26 அங்குலச் சக்கரம் கொண்ட, மலைப்பாதை சைக்கிள் போன்ற தோற்றமுள்ள மடக்கு வகைகளும் சந்தையில் உண்டு. 26 அங்குலம் என்பது சுமார் 66 செமீ. சக்கரமே அவ்வளவு உயரம் என்றால், மற்ற பாகங்களோடு சேர்த்து 70 செமீக்குள் நிற்பது கடினம்.

எடையையும் மறந்துவிடக்கூடாது. மடக்கு சைக்கிள்கள் பெரும்பாலும் 10 முதல் 14 கிலோ வரை இருக்கும். பேருந்துப் படியில் ஒரு கையால் தூக்கி, மறு கையால் பயண அட்டையைத் தட்ட முடியுமா என்பதைக் கடையிலேயே தூக்கிப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஏறும் முன்பும் ஏறிய பிறகும்

பேருந்துச் சந்திப்பு நிலையம், எம்ஆர்டி நிலையம், பேருந்து, ரயில் ஆகிய எங்கும் சைக்கிள் மடக்கியபடியே இருக்க வேண்டும். இவற்றுக்குள் ஓட்டக்கூடாது. பேருந்து வந்து நின்ற பிறகு மடக்கத் தொடங்கினால் பின்னால் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டிவரும். நிறுத்தத்தை அடைந்ததுமே மடக்கிவிடுவது நல்லது.

ஈரமான, அழுக்கான சக்கரங்களை மூட வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி, மிதி போன்றவை மற்றவர்மீது பட்டுக் காயமோ கறையோ ஏற்படுத்தும் நிலையில் இருந்தால் அவற்றையும் சுற்றி மூட வேண்டும். திடீர் மழைக்குப் பேர்போன ஊர் இது. பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை எப்போதும் சைக்கிளோடு வைத்திருந்தால் போதும். சங்கிலியில் உள்ள எண்ணெய்க் கறை பள்ளிச் சீருடையில் பட்டால் போகாது. பையைச் சங்கிலிப் பக்கமும் சேர்த்து மூடுவது அதற்காகத்தான்.

ஈரடுக்குப் பேருந்தில் மேல்தளத்துக்குச் சைக்கிளைக் கொண்டுசெல்லக்கூடாது. குறுகிய படியில் 12 கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது பேருந்து குலுங்கினால், சைக்கிளோடு சேர்ந்து கீழே நிற்பவர்மீது விழ நேரிடும்.

கீழ்த்தளத்திலும் கதவை அடைத்தோ நடைபாதையை மறித்தோ வைக்கக்கூடாது. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுத் தூரத்து இருக்கையில் போய் அமர்வது ஆபத்து. ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டால் சைக்கிள் உருளும், அல்லது மடிப்பு விரிந்துகொள்ளும். மடக்கிய பாகங்களை ஒரு நாடாவால் இறுக்கிக் கட்டி, கையால் பிடித்தபடி பக்கத்தில் நிற்க வேண்டும். ரயிலில் செல்வோர் முதல் அல்லது கடைசிப் பெட்டியைப் பயன்படுத்தும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். அங்குக் கூட்டம் பொதுவாகக் குறைவு.

இடம் யாருக்கு முதலில்?

சைக்கிளை வைக்க வசதியாகத் தெரியும் இடம் பெரும்பாலும் பேருந்தின் நடுவில் உள்ள சக்கர நாற்காலிப் பகுதிதான். அது காலியாக இருந்தால் அங்கு நிற்பதில் தவறில்லை. ஆனால் சக்கர நாற்காலிப் பயணி ஏறினால் உடனே விலக வேண்டும். அவருக்குப் பேருந்தில் வேறு இடம் இல்லை. 2017 ஏப்ரலிலிருந்து குழந்தைத் தள்ளுவண்டியை விரித்த நிலையிலேயே பேருந்தில் ஏற்றவும் அனுமதி உண்டு. எனவே அதே சிறிய இடத்துக்கு மூன்று பேர் வரலாம். சக்கர நாற்காலிக்கே முதல் உரிமை. கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கு வழிவிடுவதும் நம் பண்பு.

ஓட்டுநர் மறுத்தால்

அளவு சரியாக இருந்தாலும், பேருந்தில் கூட்டம் நெரிந்தால் அடுத்த பேருந்தில் வரும்படி ஓட்டுநர் சொல்லலாம். பயணிகளின் பாதுகாப்பைக் கருதி முடிவெடுக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. வாக்குவாதம் செய்து பயன் இல்லை. வேலைக்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டியவர்கள் ஒரு பேருந்து தவறினாலும் சமாளிக்கும்படி நேரம் ஒதுக்கிக் கிளம்புவதே வழி. நண்பர்கள் கூட்டமாகச் சைக்கிளுடன் வந்தால், எல்லாரும் ஒரே பேருந்தில் ஏற முயலாமல் பிரிந்து செல்லலாம்.

மோட்டார் உள்ளவை

மோட்டார் பொருத்திய சாதனங்களுக்கும் அதே 120, 70, 40 அளவுதான். நிலையத்துக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை மின்விசையை அணைத்து வைக்க வேண்டும். மின்ஸ்கூட்டர் போன்றவை யுஎல்2272 தீப்பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது 2020 ஜூலையிலிருந்து சட்டம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று தரச் சான்றில்லாத பேட்டரியோடு வாங்குவது, பயணத்துக்கு மட்டுமன்றி வீட்டில் உறங்குபவர்களின் உயிருக்கும் ஆபத்து.

சாதாரண சைக்கிள் வைத்திருப்போர்

தங்கும் விடுதிகளில் உள்ள ஊழியர்கள் பலரிடம் இருப்பது பழைய, மடக்க முடியாத சைக்கிள்தான். அதைப் பேருந்தில் ஏற்ற வழியில்லை. வட அமெரிக்க நகரங்களில் பேருந்தின் முன்புறத்தில் இரண்டு, மூன்று சைக்கிள்களை மாட்டும் தாங்கி இருப்பதைக் காணொளிகளில் பார்த்தவர்கள் இங்கும் அப்படி உண்டா என்று கேட்பதுண்டு. சிங்கப்பூர்ப் பொதுப் பேருந்துகளில் அந்த வசதி இல்லை.

அவர்களுக்கு உள்ள வழி, எம்ஆர்டி நிலையங்களிலும் பேருந்துச் சந்திப்பு நிலையங்களிலும் உள்ள நிறுத்துமிடங்கள். சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டுச் செல்லலாம். இடம் இல்லை என்று கைப்பிடிக் கம்பியிலோ மரத்திலோ கட்டினால் அகற்றப்படலாம்.

இன்னொரு வழி வாடகைச் சைக்கிள். அதையும் பேருந்தில் ஏற்ற முடியாது. ஆனால் இரு முனையிலும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம். பயணம் முடிந்ததும் நிறுத்துமிடத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை வருடினால்தான் கணக்கு முடியும். கண்ட இடத்தில் விட்டுச் சென்றால் 5 வெள்ளி கூடுதலாகக் கட்ட நேரிடும். திரும்பத் திரும்ப அப்படிச் செய்பவர்களுக்கு வாடகைச் சைக்கிள் சேவையே தற்காலிகமாக மறுக்கப்படும்.

ஜோகூரிலிருந்து வருவோர்

கடற்பாலத்தைத் தாண்டும் பேருந்துகளில் வருவோர் குடிநுழைவுச் சோதனைக்காக இரு பக்கமும் எல்லாப் பொருள்களுடனும் இறங்கி, வரிசையில் நின்று, மறுபடியும் ஏற வேண்டும். மடக்கு சைக்கிள் இருந்தால் அதையும் கையிலேயே சுமக்க வேண்டும். காலை நெரிசலில் இது பெரும்பாடு. தினமும் வந்துபோகிறவர்கள், சைக்கிளைச் சிங்கப்பூர்ப் பக்கத்திலேயே ஒரு நிறுத்துமிடத்தில் பூட்டி வைத்துக்கொள்வது சுலபம்.

வாங்கும் முன்

கடைக்குப் போகும்போது அளவு நாடா ஒன்றை எடுத்துச் செல்லலாம். கடைக்காரரைச் சைக்கிளை மடக்கிக் காட்டச் சொல்லி, கைப்பிடி, மிதி, இருக்கை எல்லாவற்றையும் சேர்த்து மூன்று பக்கமும் அளக்க வேண்டும். பிறகு அதைத் தானே ஒருமுறை மடக்கி, தூக்கி, பத்தடி நடந்து பார்க்க வேண்டும். பழைய சைக்கிளை இணையத்தில் வாங்குபவர்கள், மடக்கிய நிலையில் எடுத்த படத்தையும் அளவையும் விற்பவரிடம் கேட்டு வாங்கிய பிறகே பணம் கொடுப்பது நல்லது.

2009இல் உச்ச நேரத்தில் மூடியிருந்த கதவு 2016இல் திறந்தது. சைக்கிளைக் கொண்டுவருவோர் மற்றவர்களுக்கு இடைஞ்சல் தராமல் நடந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையில் கிடைத்த சலுகை அது. மூடிய சக்கரமும், மறிக்காத நடைபாதையும்தான் அந்தச் சலுகையைத் தொடர்ந்து காப்பாற்றும்.