பழுவூரார் மீது ஒரு பழி

பெரம்பலூரில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்ததும், “இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பழுவூரையும் பார்த்துவிட்டுப் போவோம்” என்று நான்தான் யோசனை சொன்னேன். என் மகளுக்குப் பதினோரு வயது. அந்தக் கோடை விடுமுறையில்தான் அவள் ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களையும் படித்து முடித்திருந்தாள். அவளுக்குத் துணையாக நானும் முப்பது வருஷம் கழித்து மறுபடி படித்தேன். வினை அங்கேதான் ஆரம்பமாயிற்று.

1950 அக்டோபர் முதல் 1954 மே வரையில் மூன்றரை வருஷம் தமிழ்நாட்டையே வாரா வாரம் காத்திருக்க வைத்த கதை அது. பத்திரிகையிலிருந்து தாள் தாளாகப் பிரித்து என் தாத்தா பைண்டு செய்து வைத்திருந்த தொகுப்பில், மணியத்தின் சித்திரங்களோடு, அதை நான் முதலில் படித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்போது அது எனக்குச் சரித்திரமும் அல்ல, நாவலும் அல்ல, மாயாஜாலக் கதை. பனை இலச்சினை மோதிரத்தைக் காட்டினால் தஞ்சைக் கோட்டைக் கதவு திறந்துகொள்கிறது என்றால், ‘திறக்கும், அதற்கென்ன?’ என்று மேலே போய்விடுவேன்.

நாற்பது வயதில் அப்படிப் போக முடியவில்லை. கடம்பூர் மாளிகையில் ராஜ்யத்தையே புரட்டிப் போடுவதற்கான சதி ஆலோசனை நடக்கிறது. அதே இரவில், முன்பின் தெரியாத வாலிபன் ஒருவனுக்கும் அங்கே படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள்! அறுபத்து நான்கு விழுப்புண் பெற்ற பெரிய பழுவேட்டரையருக்குக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பேசத் தெரியாதா? ஆனால் கதவைத் தாழிட்டால் வந்தியத்தேவன் காதில் எதுவும் விழாது, கதையும் நடக்காது. கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். ஆகையால் அதை மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாத கேள்வியை என் மகள்தான் கேட்டாள்.

அரியலூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனால் கீழப்பழுவூர் வருகிறது. திருஞானசம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் அங்கே இருக்கிறது. மலையாள அந்தணர்கள் வந்து வழிபடும் தலம் என்று சம்பந்தரே தம் பதிகத்தில் குறிப்பிடுகிறார். பழுவேட்டரையர்களும் சேர நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது நினைவுக்கு வந்தது. அருகில் மேலப்பழுவூர். அதையடுத்துள்ள கீழையூரில் பழுவேட்டரையர் எடுப்பித்த அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம் இருக்கிறது. இரட்டைக் கோயில் என்றால்தான் ஊரில் தெரியும். ஆயிரத்து நூறு வருஷத்துக் கற்றளிகள் இரண்டு, அண்ணன் தம்பிபோல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

“ஏம்ப்பா, ராஜாவுக்குத் துரோகம் பண்ணினவங்க ஊர் இதுதானே?” என்றாள் மகள், கோயில் முழுவதும் எதிரொலிக்க.

மதில் ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கவில்லை. “வர்றவங்க எல்லாம் இதைத்தான் பாப்பா கேக்குறாங்க. இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டினவங்களை, துரோகின்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஊர் திரும்பியதும் சரித்திரப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சுந்தர சோழர் வெளியிட்ட அன்பில் செப்பேடு ஒரு செய்தி சொல்கிறது. முதற் பராந்தகர் பழுவேட்டரையர் மகளை மணந்தார். அவள் வயிற்றில் பிறந்தவர் அரிஞ்சயர். அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். அவருடைய பிள்ளைகள்தாம் ஆதித்த கரிகாலரும், பின்னாளில் ராஜராஜரான அருள்மொழியும். அப்படியானால் பழுவூர் யாருடைய வீடு? சுந்தர சோழரைப் பெற்ற தகப்பனாருக்கு அது தாய்மாமன் வீடு! நம் ஊரில் தாய்மாமன் வீட்டார், தங்கள் பெண் வழியில் வந்த பிள்ளைகளைத் தள்ளிவிட்டு, பெரியப்பன் மகனுக்குப் பட்டம் கட்டச் சதி செய்வார்களா?

கல்கி இதை அறியாதவர் அல்லர். பழுவூரார் சோழர் குலத்துக்குப் பெண் கொடுத்த பெருமையை அவரும் பேசுகிறார். அதனால்தான் சின்னப் பழுவேட்டரையர் மகளை மதுராந்தகனுக்குக் கல்யாணம் செய்துவைத்து, பழைய உறவை வெட்டப் புதிய உறவு ஒன்றை உண்டாக்கினார். கதைக்கு அது போதும், சரித்திரத்துக்குப் போதாது.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜரின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆதித்த கரிகாலரைக் கொன்ற துரோகிகள் என்று அது சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியவர்களைக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய சொத்து மட்டுமல்ல, உற்றார் உறவினர் சொத்தும் பறிபோயிற்று. அதில் பழுவூரார் பெயர் இல்லை. பெயர் இல்லாததை மட்டும் வைத்து ஒருவரை நிரபராதி என்று சொல்லிவிட முடியாது என்பீர்கள். நியாயம்தான். ஆனால் ராஜராஜர் காலத்திலும் பழுவேட்டரையர் கண்டன் மறவனார் தம் ஊரில் அதிகாரத்தோடு இருந்து கோயில் திருப்பணி செய்ததைப் பழுவூர்க் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அண்ணனைக் கொன்றவர்களின் உறவினர் நிலத்தைக்கூட விட்டுவைக்காத மன்னர், சதிக்குத் தலைமை தாங்கியவர்களைச் சிற்றரசர்களாக நீடிக்க விட்டிருப்பாரா?

மதுராந்தகன் விஷயமும் இப்படித்தான். குடிமக்கள் வேண்டியும், சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அரசு வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கினார் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. உத்தம சோழரின் மகன் ராஜராஜர் ஆட்சியில் கோயில் காரியங்களை மேற்பார்த்தார். ராஜராஜர் தம் சொந்த மகனுக்கே மதுராந்தகன் என்றுதான் பெயர் வைத்தார். அவர்தாம் பிற்கால ராஜேந்திரர். பகைவன் பெயரை யார் பிள்ளைக்கு வைப்பார்கள்? இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் கல்கி பிள்ளை மாற்றத்தைக் கொண்டுவந்து, சேந்தன் அமுதனை உத்தம சோழராக்கினார். மாயாஜாலக் கதையின் உத்திதான். ஆனால் அதனால் உத்தம சோழர் பெயர் பிழைத்தது. பழுவூராருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. கடைசியில் பெரிய பழுவேட்டரையர் தவற்றை உணர்ந்து தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்வது மட்டுமே அவருக்குக் கிடைத்த கௌரவம்.

கல்கியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் எழுதியிராவிட்டால் பழுவூர் என்ற பெயர் என் காதில் விழுந்திருக்குமா? என் மகள்தான் அந்தக் கோயிலை மிதித்திருப்பாளா? ஆனால் கதாசிரியன் ஒரு பாத்திரத்துக்கு வில்லன் வேஷம் போட்டால், அதைக் கலைக்க ஆயிரம் கல்வெட்டு போதாது. கல்வெட்டைப் படிப்பவர் பத்துப் பேர். கதையைப் படிப்பவர் பத்து லட்சம் பேர். பேனாவைத் தொடும்போதெல்லாம் இது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

விவரத்தையெல்லாம் மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அந்தத் தாத்தாகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணுமாப்பா?” என்றாள்.

அடுத்த முறை போகும்போது இருவருமாகக் கேட்பதென்று முடிவாகியிருக்கிறது.