மூளைப் புற்றுக்கான கார்-டி செல் சிகிச்சை

நோயாளியின் ரத்தத்திலிருந்து டி-செல்களைப் பிரித்து, புற்றணுவை இனங்காணும் மரபணுவைப் புகுத்தி, ஆய்வகத்தில் பெருக்கி, அவருக்கே திருப்பிச் செலுத்துவது கார்-டி செல் சிகிச்சை. சில ரத்தப் புற்றுகளில் இது நிலைபெற்றுவிட்டது. அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலோமைடு மாத்திரை ஆகியவற்றுக்குப் பிறகும் திரும்பி வரும் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றில் இது இன்னும் சோதனை நிலையிலேயே இருக்கிறது.

காரணம் கட்டியின் இயல்பு. பி-செல் லிம்போமா போன்ற நோயில் ஏறக்குறைய எல்லாப் புற்றணுக்களிலும் சிடி19 என்ற புரதம் இருக்கும். அதைக் குறிவைத்தால் போதும். கிளையோபிளாஸ்டோமாவில் பக்கத்துப் பக்கத்து அணுக்களே வேறுபடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட 10 நோயாளிகளின் ஆய்வில் குறிவைத்த புரதம் பலருடைய கட்டியில் குறைந்தது. அது இல்லாத அணுக்கள் வளர்ந்தன. அதனால் இரண்டு இலக்குகளை ஒருசேரத் தாக்கும் செல்கள் உருவாயின. 2024 மார்ச்சில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை அறிவித்த, அத்தகைய செல்களைப் பெற்ற மூன்று நோயாளிகளில் ஒருவரின் கட்டி ஐந்தே நாளில் ஏறக்குறைய மறைந்தது. பின்னர் திரும்பி வந்தது. இன்னொருவருக்குக் கட்டி சுருங்கிய நிலை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தது. வியப்பும் வேதனையும் கலந்த முடிவுகள் இவை.

ரத்தக்குழாய் வழியே அனுப்பும் செல்கள் மூளையை எளிதில் எட்டுவதில்லை. ஆகவே உச்சந்தலைத் தோலுக்கடியில் பொருத்தும் ஒமாயா குமிழ் வழியாக மூளைத் தண்டுவட நீரில் நேராகச் செலுத்துகிறார்கள். இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் பிறந்த அயூப் ஒமாயா 1963இல் அறிமுகப்படுத்திய சாதனம் அது. மூளை வீக்கமும் குழப்பமும் எதிர்பார்க்க வேண்டிய பக்கவிளைவுகள். வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் மருந்து தயாராக இருக்க வேண்டும்.

இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சையான நெக்ஸ்கார்19, ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. வேலூர் சிஎம்சி, ஐசிஎம்ஆர் ஆதரவுடன், மருத்துவமனைக்குள்ளேயே ஏறத்தாழ ஒன்பது நாளில் செல்களைத் தயாரித்துக் காட்டியது. தமிழகத்துக்கு இது பெரிய வலு. ஆனால் இரண்டுமே சிடி19ஐக் குறிவைப்பவை, கிளையோபிளாஸ்டோமாவுக்கு உதவாதவை. நெய்வேலியை அடுத்த வளையமாதேவி போன்ற ஊர்களிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ செல்லும் குடும்பங்கள் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். மூளைக் கட்டிக்குக் கார்-டி தருவதாக யாராவது சொன்னால், அது இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவான ஆய்வா என்று முதலில் கேட்க வேண்டும்.