நாற்பது பவுண்டு சுமந்த கால்

மலையேற்றத்துக்கு முதல் தோல் பூட்ஸ் வாங்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் பிராண்டைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி நல்லது, தண்ணீர் இறங்குமா, எத்தனை வருஷம் உழைக்கும்? ஆம்பூரில் லாஸ்டிங் செக்‌ஷனில் என் வேலைக்காலம் போயிற்று. மேல்தோலைக் கட்டைமீது இழுத்து, சுருக்கமில்லாமல் உட்கார வைப்பது என் தொழில். ஆகவே என் பேச்சு அந்தக் கட்டையில்தான் தொடங்கும். லாஸ்ட் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கட்டை எந்த வடிவமோ, பூட்ஸுக்குள் உங்கள் காலுக்குக் கிடைக்கும் இடமும் அதே வடிவம். தோல் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் கட்டை ஒவ்வாவிட்டால் பத்தாவது கிலோமீட்டரில் கொப்புளம் வந்துவிடும்.

மனிதக் காலைப் பார்த்துக் கட்டை செதுக்க வேண்டும் என்பது இன்று யாருக்கும் தெரிந்த விஷயம். ஐரோப்பா அதற்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. 1600 வாக்கில் குதி உயர்ந்த செருப்புகள் பரவியபோது, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிக் கட்டை செதுக்குவது பெரிய வேலையாகிவிட்டது. இரண்டு காலுக்கும் ஒரே நேர்க்கட்டை என்ற வழக்கம் ஏறக்குறைய இருநூறு வருஷம் ஓடியது. 1781இல் பெட்ரஸ் காம்பர் என்ற டச்சு மருத்துவர் செருப்பின் சரியான வடிவம் பற்றியே ஒரு நூல் எழுதினார். அடுத்த நூற்றாண்டின் நடுவில் சூரிச்சின் உடற்கூற்று அறிஞர் ஹெர்மான் ஃபான் மையர் ஒரு கோடு போட்டுக் காட்டினார்: பெருவிரலின் நடுவே நீளவாக்கில் போகும் கோடு பின்னால் குதிகாலின் மையத்தைத் தொட வேண்டும். கூர்முனைச் செருப்பு அந்த விரலை மற்ற விரல்கள் பக்கம் தள்ளி, கோட்டை முறித்துவிடுகிறது.

காலுக்கேற்ற கட்டையைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் லைமன் மன்சன், அமெரிக்கப் படையின் மருத்துவ அதிகாரி. என் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் அவர். கால் புண்ணாகி வழியில் உட்காரும் சிப்பாய், குண்டு படாமலேயே படைக்கு இழப்பு. இதற்காகப் படை அமைத்த மன்சனின் காலணிக் குழு, சுமார் நான்கு ஆண்டுகள் இரண்டாயிரம் சிப்பாய்கள் அளவுக்குக் கால்களை ஆராய்ந்தது. எக்ஸ்ரே படங்கள் எடுத்துப் பார்த்தது. 1912இல் மன்சனின் நூல் வந்தது. அந்தக் குழு வகுத்த கட்டையில் உள்ஓரம் ஏறக்குறைய நேராக ஓடும். விரல்பக்கம் அகன்று உயர்ந்திருக்கும். குதிப்பக்கம் இறுக்கிப் பிடிக்கும். இன்றும் அமெரிக்காவில் சில பூட்ஸ் கம்பெனிகள் மன்சன் லாஸ்ட் என்று பெயர் சொல்லியே விற்கின்றன.

அவர் கட்டையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, காலை அளந்த விதம். நாற்காலியில் உட்கார்ந்த காலை அவர்கள் அளக்கவில்லை. சிப்பாய் முதுகில் 40 பவுண்டு சுமையோடு, முழு எடையையும் ஒரே காலில் ஊன்றி நிற்க வேண்டும். அப்போதுதான் அளவு. சுமை இறங்கும்போது பாதத்தின் வளைவு தாழ்ந்து, கால் நீளத்திலும் அகலத்திலும் பெருகுகிறது. 40 பவுண்டு என்றால் 18 கிலோ; மூன்று நாள் மலைப் பயணத்துக்குக் கூடாரத்தோடு கட்டிய பை அந்தக் கனத்துக்குப் பக்கத்தில் வரும். அந்த அளவு முறை அப்படியே மலையேறிக்கும் பொருந்தும்.

அதே காலத்தில் நம் பக்கத்துத் தோலும் இந்தக் கதைக்குள் வருகிறது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸ் மேல்தோலுக்குச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல் கப்பலேறியது. ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் அது.

அடிப்பாகத்தின் கதை வேறு. ஆல்ப்ஸில் தோல் அடியில் இரும்பாணி அடித்துத்தான் ஏறினார்கள். ஆணி பாறையைக் கவ்வும், கூடவே குளிரையும் காலுக்குள் கடத்தும். 1935இல் புன்டா ராசிகா மலையில் இத்தாலிய மலையேறிகள் ஆறு பேர் புயலில் இறந்தார்கள். பாறைக்கென்று போட்டிருந்த மெல்லிய காலணி பனியில் உதவவில்லை. அந்தக் குழுவோடு போயிருந்த மிலான் நகரத்து விட்டாலே பிரமானி, இரண்டு ஆண்டுகளில் ஆழமான பல் கொண்ட ரப்பர் அடியைக் கொண்டுவந்தார். அதுதான் விப்ராம். 1954இல் இத்தாலியர் கே2 உச்சியை முதன்முதலாக எட்டியபோது அவர்கள் காலில் அந்த அடிதான் இருந்தது.

கடைகளில் அளப்பது வேறு வழிகளில் போனது. 1920களில் கால் எலும்பை எக்ஸ்ரேயில் காட்டும் பெட்டிகள் அமெரிக்க, பிரிட்டிஷ் கடைகளில் வந்தன. குழந்தைகளின் காலைக்கூட அதில் விட்டார்கள். கதிர்வீச்சின் தீங்கு தெரிந்த பிறகே நிறுத்தினார்கள். அத்தனை ஆபத்துக்குப் பிறகும் அது காட்டியது நடக்காமல் நின்ற காலை மட்டும். அதே இருபதுகளில் சிரக்யூஸ் நகரத்தின் சார்லஸ் பிரானக் செய்த உலோகத் தட்டு எவ்வளவோ மேல். குதியிலிருந்து விரல்நுனிவரை ஒரு நீளம், குதியிலிருந்து பெருவிரல் மூட்டுவரை இன்னொரு நீளம், பிறகு அகலம். அந்த இரண்டாவது நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். பூட்ஸ் மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளம் ஒன்றாக உள்ள இரண்டு பேருக்கு மூட்டு ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. கனத்த தோல் தவறான இடத்தில் மடிந்தால் அந்த மடிப்பு விரலை அறுக்கும்.

பெட்டியில் இருக்கும் எண்ணை அதிகம் நம்ப வேண்டாம். பிரிட்டிஷ் சைஸில் ஒரு படிக்கு 8.47 மில்லிமீட்டர், ஐரோப்பிய சைஸில் 6.67. ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது கூடவோ குறையவோ செய்யும்.

சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போங்கள். மலைக்குப் போடும் அதே சாக்ஸ், அதே பை, பைக்குள் உண்மையான சுமை. கயிறு கட்டாமல் காலை முன்னால் தள்ளி நின்றால் குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு குதியைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, கயிறு இறுக்கி, மாடிப்படியில் இறங்குங்கள். விரல்நுனி முன்பக்கம் இடித்தால் அது வேண்டாம்.

பழக்குவதற்கு மன்சன் காலத்துப் படை சொன்ன வழி, புது பூட்ஸோடு இரண்டரை அங்குலத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நின்று, பிறகு காலிலேயே காயும்வரை ஒரு மணி நேரம் நடப்பது. உள்ளே எதுவும் ஒட்டாத அன்றைய தோலுக்கு அது சரி. உள்ளே நுரையும் நீர்தடுப்புப் படலமும் ஒட்டிய இன்றைய பூட்ஸை அப்படி நனைக்காதீர்கள். வீட்டுக்குள் சில வாரம் போட்டு நடந்தால் தோல் தானே இணங்கும். ஆனால் மேட்டில் ஏறும்போது குதி உள்ளே எழும்பினால் அது பழகிச் சரியாகாது. அரை சைஸ் குறைத்தால் விரல்தான் நெரியும். அந்த ஜோடியை வைத்துவிட்டு, குதி ஒடுங்கிய வேறு லாஸ்ட்டில் செய்ததைக் கேளுங்கள்.