வம்பலருக்கு எத்தனை இருக்கை?

பாலைத்திணைப் பாடல்களைப் படித்தவர்களுக்கு 'வம்பலர்' என்னும் சொல் பழக்கமானது. வழிப்போக்கர், ஊருக்குப் புதியவர் என்று பொருள். அவர்களை வில்லேந்திய ஆடவர் வீழ்த்துவதும், உடல்மீது கற்கள் குவிந்து பதுக்கை ஆவதும் அகநானூற்றில் திரும்பத் திரும்ப வரும் காட்சி. வம்பு என்பதற்குப் பழந்தமிழில் புதுமை, நிலையின்மை என்னும் பொருள்கள் இருந்தன. இன்று நமக்கு மிஞ்சியிருப்பது வீண்சண்டை என்பது மட்டுமே. கால்பந்து மைதானங்களில் அயலூர் ரசிகனுக்கு எத்தனை சீட்டு, எந்தப் பக்கத்து இருக்கை என்று வகுத்தவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது, இந்தப் பொருள்களுக்கிடையில்தான் அவர்கள் தடுமாறியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

நம் நாட்டிலிருந்தே தொடங்கலாம். 1980 ஆகஸ்ட் 16. கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய லீக் ஆட்டம். ஊர் ஒன்றுதான், ஆனாலும் ஈஸ்ட் பெங்கால் பக்கம் நின்றவர்களில் பெரும்பாலோர் பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பத்தினர். அந்நகரின் வம்பலர் அவர்களே எனலாம். அன்று இரு தரப்பு ஆதரவாளர்களும் ஒரே மாடத்தில் கலந்து அமர்ந்திருந்தனர். சீட்டில் விலை இருந்தது, கட்சி இல்லை. இரண்டாம் பாதியில் திலீப் பாலித்தும் பிதேஷ் போஸும் மோதிக்கொள்ள, நடுவர் இருவரையும் வெளியேற்றினார். களத்துச் சண்டை மாடத்துக்கு ஏறியது, கல் பறந்தது, நெரிசலில் 16 பேர் மாண்டனர். மன்னா தே அதைப் பாடலாகப் பாடினார். ஆண்டுதோறும் அந்த நாளில் கல்கத்தாவில் ரத்ததானம் நடக்கிறது. 1984-இல் திறக்கப்பட்ட சால்ட் லேக் மைதானத்தில் இவ்விரு அணிகளும் மோதும்போது மாடங்கள் பிரித்தே தரப்படுகின்றன.

பிரித்துவிட்டால் போதுமா? 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், லிவர்பூலும் யுவென்டசும். ஒரு முனையில் எக்ஸ், ஒய் என்ற பகுதிகள் லிவர்பூலுக்கு. அவற்றை ஒட்டிய இசட் பகுதி எக்கட்சியும் சாராத பெல்ஜியருக்கு. காகிதத்தில் கச்சிதமான திட்டம்தான். பெல்ஜியத்தில் குடியேறி உழைத்த இத்தாலியர் பலர் அந்தப் பொதுச் சீட்டுகளை வாங்கினர். சட்டப்படி அவர்கள் உள்ளூர்வாசிகள், மனத்தால் யுவென்டஸ்காரர்கள். நடுவே இருந்தது ஒரு மெல்லிய கம்பி வேலி. லிவர்பூல் கூட்டம் அதைத் தள்ளிக்கொண்டு பாய, ஒதுங்கியவர்கள் சுவரோரம் நெரிபட்டனர், சுவரும் சரிந்தது. 39 பேர் இறந்தனர், பெரும்பாலோர் இத்தாலியர். முகவரியைக் கொண்டு ஒருவனின் கட்சியைக் கணித்ததுதான் அங்கே நேர்ந்த பிழை.

அதன்பின் அச்சம் மேலோங்கியது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் நடந்த உள்நாட்டுக் கோப்பை அரையிறுதியில், இரு தரப்பும் வரும் சாலைகள் குறுக்கிடக் கூடாது என்பதற்காக, பெருங்கூட்டமுள்ள லிவர்பூலுக்குச் சிறிய பக்கமும் சுமார் 24,000 சீட்டுகளும் தரப்பட்டன. குறுகிய நுழைவாயிலில் கூட்டம் தேங்கியது. காவலர் வேறொரு வாயிலைத் திறந்துவிட, அந்த நெரிசல் 97 உயிர்களைக் கொண்டது. ரசிகர்மீது பிழையில்லை என்று விசாரணை மன்றத்து ஜூரிகள் சொல்ல 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. 1990 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அணியின் முதற்சுற்று ஆட்டங்களைச் சார்டீனியா தீவில் வைத்ததும் அதன் ரசிகரைத் தனிமைப்படுத்தத்தான்.

இன்றைய உலகக் கோப்பையில் ஆடும் ஒவ்வோர் அணியின் சங்கத்துக்கும் விற்பனைக்குரிய சீட்டுகளில் 8 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. சங்கம் தன் ரசிகருக்குப் பங்கிடும். இங்கிலாந்தில், எத்தனை அயலூர் ஆட்டங்களுக்குப் போய் நின்றார் என்ற கணக்குக்கு மதிப்புண்டு. 2026 கோப்பைக்கு இந்த ஒதுக்கீட்டிலேயே இறுதியாட்டத்தின் மலிவான சீட்டு 4,000 டாலருக்கு மேல் என்று தெரிந்ததும் ஐரோப்பிய ரசிகர் அமைப்புகள் கொதித்தன. 2025 டிசம்பரில் ஃபிஃபா இறங்கிவந்து, ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் பத்தில் ஒரு பங்கை 60 டாலருக்குத் தருவதாக அறிவித்தது.

நமக்கோ அணியே இல்லை. ஆகவே பங்கும் இல்லை. வன்னியம்பட்டியிலிருந்து மேற்கே தெரியும் மலைக்கு அப்பால், 2022-இல் கோழிக்கோட்டுப் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் ஆளுயரத்தை மிஞ்சிய கட்-அவுட்டுகள் நின்றன. அவர்களின் ஊரார் பலர் தோஹாவில் வேலை பார்த்தனர். கத்தாரில் வசிப்போருக்கென்றே 40 ரியால் சீட்டு இருந்தது. ஆக, அவர்கள் ஆட்டம் பார்க்க முடிந்தது குடியிருப்பவர் என்ற கணக்கில்தான். ரசிகர் என்ற கணக்கில் அல்ல. அர்ஜென்டினா, இங்கிலாந்துச் சட்டை அணிந்து அவர்கள் ஊர்வலம் போனபோது வெளிநாட்டு ஊடகங்கள் சில 'கூலிக்கு வந்த போலி ரசிகர்' என்றன. அன்பு கடவுச்சீட்டைக் காட்டவேண்டுமென்ற எதிர்பார்ப்பு எனக்கு ஹெய்சலை நினைவூட்டியது.

கடவுச்சீட்டு இருந்தும் பயனில்லாத நிலையும் உண்டு. 1974-க்குப் பிறகு முதன்முறையாக 2026 கோப்பைக்கு ஹெய்ட்டி தகுதி பெற்றது. அதன் சங்கத்துக்கும் 8 விழுக்காடு. ஆனால் 2025 ஜூனில் அமெரிக்கா விதித்த பயணத்தடைப் பட்டியலில் ஹெய்ட்டியும் இருந்தது. விலக்கு ஆட்டக்காரருக்கும் பயிற்சியாளருக்கும் உண்டு, ரசிகருக்கு இல்லை.