பங்கு ஒன்று, கலம் நூறு

முதலாம் இராசராசன் சோழ நாட்டு ஊர்களிலிருந்து சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல்மகளிரை, வரவழைத்துத் தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றிக் குடியமர்த்தியதைச் சொல்லும் கல்வெட்டு மிக நீளமானது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவள், பெயர் என்ன என்று ஒருத்தியையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவளுக்குரிய ஊதியத்தின் விவரத்தை 400 முறை எழுதவில்லை. ஒரு பங்கு என்றால் ஒரு வேலி நிலத்துக்கு ஆடவல்லான் மரக்காலால் அளந்த 100 கலம் நெல் என்று தொடக்கத்திலேயே வரையறுத்துவிட்டு, கீழே பெயருக்குப் பெயர் ‘பங்கு ஒன்று’ என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். முந்தியவள் வந்த தளியிலிருந்தே அடுத்தவளும் வந்திருந்தால் ‘இத்தளி’ என்ற சொல் போதும். இணையப் பக்கம் கட்டுகிறவர் ஒரு பொத்தானின் நிறத்தையும் எழுத்தளவையும் சிஎஸ்எஸ் கோப்பில் ஒரே தடவை வரையறுத்து, பக்கம் நெடுக அதன் பெயரை மட்டும் போடுவதும் இதே முறைதான்.

கல்லில் எழுதியவர்கள் புள்ளியைக்கூட விட்டுவிட்டார்களே, அதையும் சிக்கனம் என்று பாராட்டுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சோழர் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி அரிது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். அன்று படித்தவருக்கு அது தடையாக இருந்திராது, ஏனென்றால் எழுதியவருக்குத் தெரிந்த சொற்களெல்லாம் அவருக்கும் தெரியும். இன்று படிக்கிறவர் இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தில் எதைக் குறைக்கலாம் என்பதை எழுதுபவரின் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. வாசிப்பவரிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இதைக் காவிரிப் படுகையின் ஊர்க்கணக்கு இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, மேற்படிக்கு ௸ என்று ஊர்க்கணக்கர்களான கர்ணங்கள் எழுதினார்கள். நெல்லுக்கு ஒரு குறி, குழிக்கு ஒன்று, வேலிக்கு ஒன்று, நன்செய்க்கு ஒன்று. எழுதிய கர்ணத்துக்கும் சரிபார்த்த தாலுகா கச்சேரிக்கும் ஒரே அகராதி மனப்பாடமாக இருந்ததால் ஓலையிலும் தாளிலும் இடம் மிஞ்சியது. அந்த அகராதி அருகிப்போய், 1980-இல் கர்ணம் பதவியும் ஒழிந்தது. 2019-இல் யூனிகோட் 12.0 பழைய பின்னங்களும் குறிகளுமாக 51 வடிவங்களைச் சேர்த்துக்கொண்டது. ‘நன்செய்’ என்ற சொல் யுடிஎஃப்-8 முறையில் 21 பைட். அதன் குறி 4 பைட்தான். ஆனாலும் குறியை அனுப்பிப் பயனில்லை. பெரும்பாலான கைபேசிகளில் அது வெறும் கட்டமாகத் தெரியும், எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினால் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு போய்விடும்.

தமிழ்ப் பக்கம் கனப்பதற்கு யூனிகோடே காரணம் என்று நெடுநாளாக ஒரு குறை உண்டு. ‘தஞ்சாவூர்’ பழைய திஸ்கி முறையில் 6 பைட், யுடிஎஃப்-8-இல் 27 பைட் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கும் முதல் பைட் ஒன்றேதான்; இரண்டாவது, இரண்டில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதை ஜிஸிப் போன்ற சுருக்கிகள் நன்றாகவே அமுக்கிவிடுகின்றன. மேலும், ஒரே ஒரு புகைப்படம் ஒரு நீண்ட கட்டுரையைவிடக் கனக்கும். தமிழுக்கு உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கூகுள் உருவாக்கி, 2016-இல் வரையறை வெளியான பிராட்லி சுருக்கி, சுமார் 13,500 சொற்கள் கொண்ட அகராதியோடு உலாவிக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதில் ஆங்கிலம், ஸ்பானியம், சீனம், இந்தி, ரஷ்யம், அரபு உண்டு, தமிழ் இல்லை. நீண்ட பக்கத்தில் இது பெரிதாகத் தெரியாது, பக்கமே தனக்குள் போதிய திருப்பல்களை வைத்திருக்கும். சின்னப் பக்கத்தில்தான் உறைக்கும். இணையத்தில் பார்க்கும் ஒரு சிட்டாவில் மாவட்டம், வட்டம், புல எண், உட்பிரிவு, நன்செய், புன்செய், தீர்வை என்ற தலைப்புகள் ஓரிரு முறைதான் வருகின்றன. ஒரு பக்கத்துக்குள் திரும்பாததைச் சுருக்கி எப்படிக் கண்டுகொள்ளும்? ஆனால் பாபநாசத்துக்காரர் பார்த்தாலும் மன்னார்குடிக்காரர் பார்த்தாலும் தலைப்புகள் அவைதான். ஒரு தளம் தன் அகராதியைத் தானே உலாவிக்கு ஒரு தடவை கொடுத்துவைத்து, அடுத்தடுத்த பக்கங்களை அதை வைத்துச் சுருக்கி அனுப்பும் முறை இப்போது குரோம் போன்ற உலாவிகளில் வந்திருக்கிறது. கர்ணமும் கச்சேரியும் மனத்தில் வைத்திருந்த சொற்பட்டியலில் பாதி அந்த அகராதிக்கு அப்படியே பொருந்தும்.