மலை ரயில் பட அஞ்சலட்டைகளின் சான்றுமதிப்பு: நீலகிரி இருப்புப்பாதையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான மலை ரயில் பட அஞ்சலட்டைகளைச் சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்புகின்றனர். அவற்றை அழகுப் பொருளாக மட்டும் கொள்ளாமல் வரலாற்றுச் சான்றாக எவ்வாறு பயன்படுத்தலாம், அப்பயன்பாட்டின் எல்லைகள் யாவை என்பவற்றை நீலகிரி மலை இருப்புப்பாதையைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அட்டையின் இருபக்கமும் சிதையாமல் காக்கப்படும்போதே அது முழுமையான சான்றாகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: பட அஞ்சலட்டை, நீலகிரி மலை ரயில், சேகரிப்பு, காலக்கணிப்பு, சான்றுமதிப்பு

முன்னுரை

மலை ரயிலும் அஞ்சலட்டையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியவை. 1869ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மலைமீது பற்சக்கர ரயில் ஏறத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிய அஞ்சல்துறை உலகின் முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது. இந்தியாவில் கால் அணா அஞ்சலட்டை 1879இல் அறிமுகமானது. டார்ஜிலிங் மலை இருப்புப்பாதையின் கட்டுமானம் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே; 1881இல் அப்பாதை டார்ஜிலிங்கை எட்டியது.

தொடக்கக்கால அரசு அட்டைகளில் படம் இல்லை. தனியார் அச்சிடும் அட்டைகளில் அஞ்சல்தலை ஒட்டி அனுப்பும் உரிமையைப் பிரிட்டன் 1894இல் வழங்கியது. அதன்பின் சில ஆண்டுகளில் பட அட்டைகள் பெருகின. மலை வாழிடங்களுக்குச் சென்றோர், தாம் கடந்து வந்த பாலத்தையும் குகைவழியையும் ஊரிலிருப்போருக்குக் காட்ட விரும்பினர். அவ்விருப்பத்தை அச்சகங்களும் புகைப்பட நிலையங்களும் நிறைவேற்றின. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர் ஆகிய நிறுவனங்கள் பட அட்டைகளை வெளியிட்டன.

நீலகிரி மலை இருப்புப்பாதை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பகுதி 1899 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. குன்னூருக்கு மேற்பட்ட பகுதி 1908 செப்டம்பரில் ஃபெர்ன்ஹில்லையும் அக்டோபரில் உதகமண்டலத்தையும் அடைந்தது. கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பாதை, ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவில் 2,203 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் மிகச் செங்குத்தானது. அங்கு இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. எந்திரத்தின் பற்சக்கரம் இச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். எந்திரம் பெட்டிகளுக்குக் கீழ்ப்புறம் நின்று அவற்றை மேல்நோக்கித் தள்ளுவதே இப்பகுதியின் வழக்கம். 1914 முதல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் உருவாக்கப்பட்ட எக்ஸ் வகை நீராவி எந்திரங்கள் பயன்பாட்டுக்கு வந்தன. 2005இல் இப்பாதை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இச்செய்திகள் பாதையின் வரலாறாக அமைவதோடு, அட்டைகளின் காலத்தை அளக்கும் கருவிகளாகவும் பயன்படுகின்றன.

ஓர் அட்டை, மூன்று காலங்கள்

ஒரு பட அஞ்சலட்டைக்குப் படம் எடுக்கப்பட்ட காலம், அட்டை அச்சான காலம், அஞ்சலில் சென்ற காலம் என மூன்று காலங்கள் உண்டு. அஞ்சல் முத்திரை மூன்றாவதை மட்டுமே உறுதியாகக் காட்டும். விற்பனை நன்கிருந்த ஒரு படத்தைப் பதிப்பாளர்கள் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் அச்சிட்டனர். ஆதலால் முத்திரையின் ஆண்டையே படத்தின் ஆண்டாகக் கொள்வது பிழையாகும்.

அச்சான காலத்தை அறிய அட்டையின் பின்பக்கம் உதவும். தொடக்கத்தில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியதாக இருந்தது. செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டியிருந்தது. பின்பக்கத்தை நடுக்கோட்டால் பிரித்து, ஒரு பாதியில் செய்தியும் மறுபாதியில் முகவரியும் எழுத 1902இல் பிரிட்டன் இடமளித்தது. பிற நாடுகளும் அடுத்த சில ஆண்டுகளில் இம்முறையை ஏற்றன. எனவே நடுக்கோடற்ற அட்டை பொதுவாக முந்தைய அச்சாகக் கருதப்படுகிறது.

கீழெல்லையும் மேலெல்லையும்

லவ்டேல் நிலையத்தில் பயணியர் ரயில் நிற்பதைக் காட்டும் அட்டை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அந்நிலையம் குன்னூருக்கு மேற்பட்ட பகுதியைச் சேர்ந்தது. ஆகவே படம் 1908க்கு முற்பட்டதாக இருக்க இயலாது, இது கீழெல்லை. பின்பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் கொண்ட அஞ்சல்தலையும் 1913ஆம் ஆண்டு முத்திரையும் இருப்பின், படம் அவ்வாண்டுக்குப் பிற்பட்டதாகவும் இருக்க இயலாது, இது மேலெல்லை. படத்தின் காலம் ஐந்தாண்டு இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. அஞ்சல்தலை சேகரிப்பாளர் ஒருவர் தலையை மட்டும் முத்திரையோடு வெட்டி எடுத்துவிட்டால் மேலெல்லை மறைந்துவிடும். எஞ்சுவது, 1908க்குப் பின் என்றோ எடுக்கப்பட்ட படம் என்ற செய்தி மட்டுமே.

இம்முறையில் ஒரு விழிப்பு தேவை. எக்ஸ் வகை எந்திரம் படத்தில் இருப்பின் படம் 1914க்கு முற்பட்டதன்று என உறுதியாகக் கூறலாம். அது இல்லாமையைக் கொண்டு படம் 1914க்கு முற்பட்டது எனக் கூறுதல் இயலாது. புதிய எந்திரம் வந்த அன்றே பழையவை அனைத்தும் நீங்கிவிடுவதில்லை. டார்ஜிலிங் பாதைக்கும் இது பொருந்தும். 1919இல் அமைந்த பத்தாசியா வளைவைக் காட்டும் படம் அவ்வாண்டுக்குப் பிற்பட்டது. வளைவைக் காட்டாத படத்தைப் பற்றி அந்த அளவுகோல் எதுவும் சொல்வதில்லை. படத்தில் இருப்பது கீழெல்லையைத் தரும். இல்லாதது தானாக மேலெல்லையைத் தராது.

வண்ணமும் தொழில்நுட்பமும்

முதல் உலகப் போருக்கு முன் இந்தியாவில் விற்பனையான அட்டைகளில் பல ஜெர்மனியில் அச்சானவை. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின்மீது அச்சகத்தார் வண்ணம் ஏற்றினர். மலையைக் காணாத ஒருவர் தீட்டிய வண்ணத்தைக் கொண்டு, பெட்டிகள் எந்நிறத்தில் ஓடின என்றோ, சரிவில் எவ்வகைத் தாவரம் இருந்தது என்றோ முடிவுகட்டுவது பொருந்தாது. வடிவத்துக்குப் படம் சான்றாகலாம். நிறத்துக்குச் சான்றாவது அரிது.

உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் அச்சுமுறையும் புலப்படும். புகைப்படத் தாளிலேயே உருவான அட்டையில் நிழல் புள்ளிகளின்றித் தொடர்ச்சியாக இருக்கும். பிற்கால அச்சில் ஒழுங்கான புள்ளிகள் தெரியும். பழைய அட்டை என விற்கப்படும் மறுபதிப்புகளை இனங்காண இச்சோதனை உதவும்.

படத்தில் இடம்பெறாதோர்

அட்டைகளின் தலைப்புகள் பாலத்தையும் நிலையத்தையும் காட்சியையும் பெயர் சுட்டுகின்றன. மனிதரைச் சுட்டுவது அரிது. பெட்டியின் முகப்பில் கொடியுடன் நிற்கும் தடைப் பணியாளர் பாதையின் பாதுகாப்புக்கு இன்றியமையாதவர். ஆயினும் அட்டையில் அவர் காட்சியின் ஒரு பகுதியாகவே தோன்றுகிறார். பாறையைக் குடைந்தோரின் நிலை இதனினும் மங்கியது. குன்னூர் வரையிலான பாதையின் பணி 1891இல் தொடங்கி 1899இல் நிறைவுற்றது. பட அட்டைகள் பெருகியது அதன் பின்னரே. கடினமான ஏற்றப் பகுதியைக் கட்டியோர் வெளியேறிய பிறகே படக்கருவி வணிக நோக்குடன் அங்கு வந்தது. ஆதலால் அட்டைத் தொகுப்பு ஒன்றைப் பாதையின் முழு வரலாறாகக் கொள்ளின், உழைத்தோர் இல்லாத வரலாறே கிடைக்கும். அவ்விடைவெளியை நிரப்ப, கட்டுமானக் காலத்து அரசு ஆவணங்களும் நிறுவனக் கணக்குகளும் வாய்மொழி வழக்குகளும் உடன்வைத்துப் பயிலப்பட வேண்டும்.

சேகரிப்பு நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன. அட்டையைப் பசையிட்டு ஒட்டுவதும், அஞ்சல்தலையைப் பிரிப்பதும், நெகிழித்தாளால் சூடேற்றி மூடுவதும் தவிர்க்கத்தக்கவை. அமிலமற்ற தாளிலோ பாலியெஸ்டர் உறையிலோ வைப்பதும், ஈரப்பதத்திலிருந்து காப்பதும் நன்று. எண்ணிம நகல் எடுக்கும்போது இருபக்கங்களையும் எடுத்தல் வேண்டும். அட்டை எவ்விடத்தில், எத்தொகுப்பிலிருந்து பெறப்பட்டது என்ற குறிப்பும் அதனோடு சேர வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வந்த அட்டைகள் தனித்தனியே விற்கப்படும்போது, அவற்றுக்கிடையே இருந்த தொடர்பும் சிதறிவிடுகிறது.

முடிவுரை

மலை ரயில் அட்டையின் முன்பக்கம் இடத்தைக் காட்டுகிறது. பின்பக்கம் காலத்தையும், அட்டை யாரிடமிருந்து யாரைச் சென்றடைந்தது என்பதையும் காட்டுகிறது. முன்பக்கத்தை மட்டும் போற்றும் சேகரிப்பு, காட்சியைக் காத்துச் சான்றை இழக்கிறது. நீலகிரிப் பாதையைப் பற்றிய அட்டைகளில் பெரும்பகுதி தனியார் கைகளிலேயே இருக்கும் நிலையில், எதிர்கால ஆய்வாளர்க்கு எது கிட்டும் என்பதைச் சேகரிப்பாளரே முடிவுசெய்கிறார். அவ்வகையில் அவர் வரலாற்று ஆவணத்தின் முதற் காவலராகிறார்.