ஏழு பேருக்குப் 'பெரிய ஆறு பேர்'

மூணு புத்தகம், ஆனா மூணு பேர். எழுத்துல வந்தா மூவர், நால்வர், ஐவர். பொருளை எண்ணுற மாதிரி ஆளை எண்ணாத இந்தப் பழக்கம் நமக்கு மட்டும்தான்னு நினைச்சா, அயர்லாந்து பக்கம் ஒரு எட்டு போய்ட்டு வரலாம் வாங்க.

ஐரிஷ் மொழியில 3க்கு 'ட்ரீ'. ஆனா மூணு பேருக்கு 'ட்ரூர்'. இருவருக்கு 'பெர்ட்', அறுவருக்கு 'ஷெஷர்'. பத்து பேர் வரைக்கும், அப்புறம் பன்னிரண்டு பேருக்கும் தனிச்சொல் உண்டு. பதினோரு பேருக்குத்தான் பாவம், கிடையாது :-)

இந்தச் சொற்கள் ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழசு. பலதோட கடைசியில வர்ற 'அர்', ஆண் என்று பொருள்படும் 'ஃபெர்'ங்கற பழைய சொல்லோட மிச்சம்னு மொழியியலாளர்கள் சொல்றாங்க. ஆனா 'ட்ரூர் பன்'னா மூணு பெண்கள்! ஆண் என்கிற அர்த்தம் எப்பவோ கரைஞ்சு போச்சு.

ஏழு பேர் கதை இன்னும் சுவாரஸ்யம். பழைய ஐரிஷ்ல அதுக்கு 'பெரிய ஆறு பேர்'னு அர்த்தம் வர்ற ஒரு சொல். இன்னைக்குப் பொதுவழக்கு 'ஷாக்தர்'. 1916 ஈஸ்டர் எழுச்சியில குடியரசுப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டு, அந்த மே மாசமே சுட்டுக் கொல்லப்பட்ட ஏழு பேரைப் பத்தி 2010ல ஐரிஷ் தொலைக்காட்சியில வந்த தொடரோட பேர்லயும் அதே ஷாக்தர்தான். 'ஈஸ்டரின் எழுவர்'.

ஒருவர்ங்கறதுக்கு இருந்த பழைய சொல் இன்னைக்குத் தனிமையைக் குறிக்குது. 'நான் தனியா இருக்கேன்'னு சொல்ல, அவங்க கிட்டத்தட்ட 'என் ஒருமையில் இருக்கேன்'னு சொல்றாங்க.

இப்படி ஆளை எண்ணத் தெரிஞ்ச மொழியில பேச ஆள் குறைஞ்சதுதான் சோகம். 1831ல தொடங்கின அரசுப் பள்ளித் திட்டத்துல பாடமெல்லாம் ஆங்கிலம். 1845ல உருளைக்கிழங்கு நோயால வந்த பஞ்சத்துல சுமார் 10 லட்சம் பேர் செத்தாங்க, இன்னும் 10 லட்சம் பேராவது கப்பலேறினாங்க. அதிகம் அடிபட்டது ஐரிஷ் பேசின மேற்கும் தெற்கும்தான். அதுக்கப்புறமும், 1851 கணக்கெடுப்புல ஐரிஷ் தெரிஞ்சவங்க தீவு முழுக்க சுமார் 15 லட்சம் பேர்.

2022ல அயர்லாந்துக் குடியரசோட கணக்குப்படி, ஐரிஷ் பேசத் தெரியும்னு சொன்னவங்க 18 லட்சத்துக்கும் மேல. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பள்ளிக்கு வெளியே தினமும் பேசுறவங்க 71,968 பேர்தான். பசங்க பள்ளிக்கூடத்துல பெர்ட், ட்ரூர்னு படிக்கிறாங்க. அதை வச்சு வீட்டுல யாரை எண்ணுறாங்கங்கறதுதான் கேள்வி.

நம்ம பேச்சுலயும் மூவர், நால்வர் எல்லாம் போய் 'பேர்' மட்டும் காவல் நிக்குது. உங்க ஊர்ல ஆளை எண்ண வேற சொல் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.